பின் ஆக்சில் கிரவுன் பினியன்: நாமே மாற்றலாமா, வெளியே கொடுக்கலாமா?

பின் ஆக்சிலின் நடுவில், என்ஜினில் இருந்து வரும் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குத் திருப்பிவிடும் பல்சக்கர ஜோடிதான் கிரவுன் பினியன்: சின்னது பினியன், பெரியது கிரவுன் வீல். அதைச் சொந்தமாக மாற்றலாமா என்று யோசிப்பவர்கள் பெரும்பாலும் "கழற்றிப் பூட்ட என்னால் முடியுமா?" என்றுதான் தங்களைக் கேட்டுக்கொள்கிறார்கள். முடியும். கிளட்ச் பிளேட் மாற்றிப் பழகியவருக்கு அந்தப் பகுதி பெரிய வேலையே கிடையாது. சிரமம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு வித்தியாசத்தை அளக்க வேண்டும். அளவு ஒத்துவரவில்லை என்றால் பூட்டியதையெல்லாம் பிரித்து, ஒரு ஷிம்மை (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகட்டு வளையம்) மாற்றி, மறுபடி பூட்டி மறுபடி அளக்க வேண்டும். இதற்குக் கருவியும் நேரமும் மனசும் இருக்கிறதா என்று பார்த்துத்தான் நான் முடிவெடுத்தேன். எப்படி எடுத்தேன், பிறகு வேலை எப்படிப் போனது என்பதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

என் வண்டி பின்சக்கர இழுவை. ஒரே தண்டாக இருக்கும் பின் ஆக்சில், பின்பக்கம் போல்ட் போட்ட மூடி. 60இல் இருந்து 80 கி.மீ. வேகத்துக்குள், ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தபடி போகும்போது மெல்லிய ஊளைச் சத்தம் வரும். காலை எடுத்தால் நின்றுவிடும். மறுபடி மிதித்தால் திரும்ப வரும்.

இந்த "மிதித்தால் வரும், விட்டால் போகும்" என்பதுதான் முக்கியத் தடயம். மிதிக்கும்போது பல்லின் ஒரு பக்கம் சுமை தாங்குகிறது, காலை எடுத்ததும் மறுபக்கம் தாங்குகிறது. அதனால் கால் மாறும்போது சத்தமும் மாறினால் சந்தேகம் பல் மேல் போக வேண்டும். கால் எப்படி இருந்தாலும் வேகத்தோடு மட்டும் கூடிக் குறையும் உறுமல் என்றால் அநேகமாகப் பேரிங். பினியன் சக்கரத்தை விட மூன்று நான்கு மடங்கு வேகமாகச் சுற்றுவதால் அதன் பேரிங் சத்தம் கீச்சென்று மேலே இருக்கும், கிரவுன் வீலை இரு பக்கமும் தாங்கும் சைடு பேரிங்கின் சத்தம் கீழே கனமாக இருக்கும். வளைவில் இடம் வலம் சாயும்போது மாறினால் வீல் பேரிங்கைப் பாருங்கள். சாலையின் தரம் மாறும்போது மாறினால் அது டயர். கியர் போட்டுக் கிளம்பும்போது "டங்" என்று ஒரு தட்டு மட்டும் கேட்டால் புரொபெல்லர் ஷாஃப்ட்டின் (கியர்பாக்ஸில் இருந்து பின் ஆக்சிலுக்கு வரும் தண்டு) ஜாயிண்ட் கிராஸைப் பார்த்த பிறகு டிஃபரன்ஷியலுக்கு, அதாவது கிரவுன் பினியன் இருக்கும் பல்சக்கரத் தொகுதிக்கு வரலாம். கிராஸ் தேய்ந்த வண்டிக்கு டிஃபரன்ஷியலைப் பிரிப்பது எத்தனை பெரிய வீண் வேலை!

மூடியைத் திறக்கும் முன்பே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. புரொபெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டு, பினியன் முனையில் இருக்கும் ஃபிளேஞ்சைக் கையால் பிடித்து மேலும் கீழும், முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். துளிகூட ஆடக் கூடாது. ஆடினால் பினியன் பேரிங்கின் பிரீலோடு (ஆட்டமில்லாமல் இருக்கப் பேரிங்குக்குக் கொடுக்கும் முன் அழுத்தம்) போய்விட்டது. எனக்கு ஆடவில்லை, ஆனால் சுற்றும்போது ஓரிடத்தில் லேசாகக் கரகரத்தது.

பல்லா, பேரிங்கா

நானா மெக்கானிக்கா என்பதற்கு முன்னால் இதற்கு விடை தெரிய வேண்டும். பேரிங் மட்டும் போயிருந்து பல் நன்றாக இருந்தால், அதே ஷிம்களை அதே இடத்தில் வைத்து, பேரிங்கை மட்டும் மாற்றிப் பூட்டிவிடலாம். பற்கள் ஏற்கெனவே ஒன்றோடொன்று பழகியவை, அவற்றின் இடம் மாறாமல் பார்த்துக்கொண்டால் போதும். பல்லையே மாற்றினால் எல்லா அளவையும் முதலில் இருந்து போட வேண்டும். அது முற்றிலும் வேறு வேலை. இத்தொழிலில் முடி நரைத்த ஒரு அண்ணனிடம் சத்தத்தைச் சொன்னபோது அவர் முதலில் சொன்னது இதுதான்: "தம்பி, பல்லு நல்லா இருந்தா அதுல கை வைக்காத. பேரிங்கோட நிறுத்திக்கோ."

வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, முன்சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, மூடியைத் திறந்தேன். ஹேண்ட் பிரேக் பின்சக்கரத்தில் என்பதால் இந்த வேலையில் அதை நம்ப முடியாது, கட்டைதான் காவல். பழைய கியர் ஆயிலின் கந்தக நெடி அடங்க நேரமாகும். காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மைபோல் ஒட்டியிருப்பது வழக்கமான தேய்மானம், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். விரலில் தட்டுப்படும் செதில் இருந்தால்தான் பயப்பட வேண்டும். எனக்குச் செதில் இருந்தது.

மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். கிரவுன் வீல் பற்களில் வண்டியை முன்னே தள்ளும் பக்கம், அதாவது வெளியே வளைந்த முகம், வெளி விளிம்பை ஒட்டி மங்கலாக இருந்தது. சாய்த்துப் பார்த்தால் ஊசியால் குத்தியது போலச் சின்னச் சின்னக் குழிகள். நகத்தை ஓட்டினால் தட்டியது. பல்லின் மறுபக்கம் கண்ணாடி மாதிரி இருந்தது. காலை எடுத்ததும் சத்தம் நின்றதற்குக் காரணம் இதுதான்.

ஒரு பல்லில் மட்டும் குழி இருந்தால் அதோடு போகும் என்று சிலர் நினைப்பதுண்டு. என்னுடையது கிரவுன் வீலில் 41 பல், பினியனில் 11 பல். விகிதம் 3.73. இந்த இரண்டு எண்ணுக்கும் பொதுவான வகுஎண் கிடையாது. அதனால் பினியன் 41 சுற்றுச் சுற்றினால் அதன் ஒவ்வொரு பல்லும் கிரவுன் வீலின் எல்லாப் பல்லையும் ஒருமுறை சந்தித்துவிடும். ஒன்றில் இருக்கும் கோளாறு எல்லாவற்றுக்கும் பரவும். தேய்மானம் சீராக வரட்டும் என்றுதான் இப்படி எண்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 40-க்கு 10 போல அமைந்த ஜோடிகளில் குறிப்பிட்ட பற்கள் குறிப்பிட்ட பற்களோடு மட்டுமே சேரும், அவற்றைப் பூட்டும்போது குறி பார்த்துச் சேர்க்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1920களில் பேக்கார்ட் கார்களில் வந்ததில் இருந்து பின் ஆக்சிலில் பெரும்பாலும் ஹைப்பாய்டு வகைப் பற்கள்தான். பினியன் கிரவுன் வீலின் மையத்துக்கு நேராக இல்லாமல் கீழே இறங்கி நிற்கும். பற்கள் உருள்வதோடு நீளவாக்கில் உரசிச் சறுக்கவும் செய்யும். இதனால்தான் அதிக அழுத்தம் தாங்கும் ஜிஎல்-5 தர கியர் ஆயில் கேட்கிறது, இதனால்தான் இரண்டையும் தொழிற்சாலையிலேயே ஒன்றோடொன்று உரசவிட்டு ஜோடியாக விற்கிறார்கள். ஒரு செட்டின் கிரவுன் வீலையும் இன்னொரு செட்டின் பினியனையும் சேர்க்கவே கூடாது. இரண்டிலும் ஒரே ஜோடி எண் பொறித்திருக்கும், வாங்கும்போது பார்த்து வாங்குங்கள்.

கழற்றும் முன் அளந்தது

திறந்த நிலையிலேயே எல்லாவற்றையும் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். பிரித்த பிறகு அந்தத் தகவல் திரும்பக் கிடைக்காது. டயல் கேஜின் ஊசியைக் கிரவுன் வீல் பல்லின் முகத்துக்குச் செங்குத்தாக வைத்து, பினியனை அசையாமல் பிடித்து, கிரவுன் வீலை முன்னும் பின்னும் ஆட்டினால் பேக்லாஷ், அதாவது பற்களுக்கு நடுவே உள்ள ஆட்டம் தெரியும். சுற்றி நான்கு இடத்தில் பார்த்தேன். 0.30இல் இருந்து 0.42 மி.மீ. வரை போனது. என் மேனுவல் கேட்பது 0.13 முதல் 0.20 வரை. இடத்துக்கு இடம் 0.05க்கு மேல் மாறக் கூடாது என்றும் சொல்கிறது. பல், பேரிங் இரண்டும் போயிருக்கின்றன என்று அப்போது உறுதியானது.

சைடு பேரிங்கைப் பிடித்திருக்கும் கேப்புகளில் இடது வலது, மேல் கீழ் தெரியும்படி பஞ்ச் அடித்துக்கொள்ளுங்கள். அவை ஹவுசிங்கோடு (ஆக்சிலின் வெளிக்கூடு) சேர்த்தே கடைந்தவை, மாற்றிப் போட்டால் பேரிங் ஒழுங்காக உட்காராது.

சரி, முடிவுக்கு வருகிறேன். நான் பார்த்தது நான்கு விஷயம்.

முதலில் ஹவுசிங்கின் வகை. சில வண்டிகளில் டிஃபரன்ஷியல் முழுக்க ஒரே உருப்படியாக முன்பக்கமாகக் கழன்று வரும். ஃபோர்டு 9 அங்குல ஆக்சில், டொயோட்டாவின் 8 அங்குல ஆக்சில் எல்லாம் அப்படி. அந்த வகை என்றால் யோசிக்கவே வேண்டாம்: உருப்படியைக் கழற்றுவதும் மாட்டுவதும் நம் வேலை, அளவு வைப்பதை அனுபவம் உள்ளவரிடம் மேஜை மேல் கொடுத்துவிடலாம். கூலியும் குறையும், அவருக்கும் வசதி. என்னுடையது அப்படி இல்லை. எல்லாம் வண்டிக்கு அடியில், ஹவுசிங்குக்குள்ளேயே நடக்க வேண்டும்.

இரண்டாவது, பினியன் ஆழத்தை, அதாவது பினியன் கிரவுன் வீலை நோக்கி எவ்வளவு உள்ளே நிற்கிறது என்பதைத் தீர்மானிக்கும் ஷிம் எங்கே இருக்கிறது என்பது. சில ஆக்சிலில் அது ஹவுசிங்குக்குள் பேரிங்கின் வெளிவளையத்துக்கு அடியில் இருக்கும். சிலவற்றில், என்னுடையது போல, பினியன் தலைக்கும் உள் பேரிங்குக்கும் நடுவில் இருக்கும். இந்த வகையில் ஒவ்வொரு முறை ஷிம் மாற்றவும் பேரிங்கைப் புல்லர் போட்டு இழுத்து, பிரஸ்ஸில் வைத்து அழுத்த வேண்டும். புதுப் பேரிங் அத்தனையைத் தாங்காது. இதற்கு ஒரு வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

மூன்றாவது கருவி. காந்த அடியுள்ள டயல் கேஜ், மைக்ரோமீட்டர், ஃபிளேஞ்சைப் பிடிக்க நீளமான பார், பெரிய டார்க் ரெஞ்ச். இவற்றை விட முக்கியமாக, முள் காட்டும் சின்ன டார்க் ரெஞ்ச். பினியன் பிரீலோடு என்பது பினியன் சுற்றிக்கொண்டிருக்கும்போது எவ்வளவு கனமாக இருக்கிறது என்ற அளவு. "கிளிக்" என்று விட்டுவிடும் ரெஞ்சால் அதைப் பார்க்கவே முடியாது. பிரஸ் என்னிடம் இல்லை, பேரிங் அழுத்துவதை மட்டும் ஒரு பட்டறையில் செய்துகொள்ளலாம் என்று தெரிந்ததால் அது தடையாக இல்லை.

நான்காவது, வண்டி எத்தனை நாள் நின்றாலும் பரவாயில்லையா என்பது. என்னைப் பொறுத்தவரை இதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். திங்கள்கிழமை காலை அந்த வண்டியில்தான் வேலைக்குப் போக வேண்டும் என்றால் தொடாதீர்கள். அவசரம் இருந்தால் "இந்த அளவே போதும்" என்று தோன்றும். டிஃபரன்ஷியலில் அப்படி விட்டது கொஞ்ச காலத்திலேயே ஊளையாக வந்து நிற்கும். என்னிடம் போக வர வேறு வண்டி இருந்தது.

பழைய ஆக்சிலை முழுசாக வாங்கி மாட்டுவதையும் யோசித்தேன். வேலை சுலபம்தான், ஆனால் உள்ளே பார்க்காமல் வாங்கினால் அதிலும் இதே ஊளை இருக்கலாம். மூடியைத் திறந்து காட்டினால் மட்டும் வாங்கலாம். கடைசியில் கணக்கு நானே செய்வதன் பக்கம் சாய்ந்தது.

வேலை

பிரிக்கும் முன்பே எல்லாம் கைக்கு வந்திருக்க வேண்டும்: ஜோடி, பினியனுக்கும் சைடுக்கும் பேரிங்குகள், ஆயில் சீல், பினியன் நட்டு, கிரஷ் ஸ்லீவ் (இறுக்கும்போது நசுங்கிப் பினியன் பிரீலோடைத் தரும் குழாய் வளையம்) ஒன்றுக்கு இரண்டாக, கிரவுன் வீல் போல்ட்டுகள், ஷிம் கிட், மார்க்கிங் பேஸ்ட். விகிதத்தையே மாற்றுகிறவர்கள் கேரியர் (கிரவுன் வீலைத் தாங்கும் கூடு) புது விகிதத்துக்குப் பொருந்துமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், சில ஆக்சிலில் குறிப்பிட்ட விகிதத்துக்கு மேல் கேரியரும் மாறும். நான்கு சக்கர இழுவை என்றால் முன் ஆக்சிலையும் அதே விகிதத்துக்கு மாற்றியாக வேண்டும். நான் 3.73ஐயே திரும்பப் போட்டேன்.

கேரியர் நினைப்பதை விடக் கனம். கேப்பைக் கழற்றியதும் தானாக வெளியே வந்து விழாமல் இருக்க, போல்ட்டை முழுக்க எடுக்காமல் சில புரி விட்டுவைத்து நெம்பினேன். கிரவுன் வீல் போல்ட்டுகள் சில ஆக்சில்களில் இடப்புரி, அசையவில்லை என்று பலம் கொடுக்கும் முன் தலையில் குறி இருக்கிறதா பாருங்கள்.

இப்போது பினியன் ஆழம். பழைய உள் பேரிங்கின் துளையை ஃபிளாப் வீலால் (உப்புத்தாள் இதழ்கள் கொண்ட சக்கரம்) லேசாகத் தேய்த்து, கையாலேயே ஏறி இறங்கும்படி செய்துகொண்டேன். இதுதான் மேலே சொன்ன வழி. இந்தப் பேரிங்கை வைத்து எத்தனை முறை வேண்டுமானாலும் ஷிம் மாற்றிப் பார்க்கலாம், புல்லரே வேண்டாம். ஆனால் அதன் உயரமும் புதுப் பேரிங்கின் உயரமும் ஒன்றுதானா என்று மைக்ரோமீட்டரில் பார்த்துவிட வேண்டும். வித்தியாசம் இருந்தால் அதைக் கடைசி ஷிம்மில் கூட்டிக் கழிக்கலாம்.

பழைய ஷிம்மின் கனத்தில் இருந்தே தொடங்கினேன். பினியன் தலையில் கூட்டல் கழித்தல் குறியோடு ஒரு எண் இருந்தால், பழைய பினியன் எண்ணுக்கும் புதியதுக்கும் உள்ள வித்தியாசத்தை ஷிம்மில் சேர்க்க வேண்டும். எந்தக் குறிக்கு எந்தப் பக்கம் என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும், மேனுவலைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

கிரவுன் வீலின் மூன்று நான்கு பற்களில் இரண்டு முகத்திலும் மஞ்சள் பேஸ்ட்டை மெல்லிசாகத் தடவி, ஒரு துணியை வைத்துக் கிரவுன் வீலை இறுக்கிப் பிடித்தபடி பினியனை இரண்டு பக்கமும் சுற்ற வேண்டும். பிடிக்காமல் சுற்றினால் தடம் தெளிவாக விழாது. பேஸ்ட் விலகிய இடம்தான் பற்கள் தொடும் இடம். நீள்வட்டமாக, பல்லின் உயரத்தில் நடுவாக, ஓரங்கள் மெல்ல மங்கி முடிய வேண்டும். பல்லின் உச்சியை ஒட்டித் தடம் விழுந்தால் பினியன் வெளியே தள்ளி நிற்கிறது, கனமான ஷிம் போட்டு உள்ளே தள்ள வேண்டும். வேரை ஒட்டி விழுந்தால் ஆழம் அதிகம், ஷிம்மைக் குறைக்க வேண்டும். உள்முனை வெளிமுனை என்று நீளவாக்கில் நகர்ந்தால் அது பெரும்பாலும் பேக்லாஷ் சம்பந்தப்பட்டது.

முதலில் எனக்கு உச்சியை ஒட்டி, கத்தியால் கீறியது போல நேர் விளிம்போடு விழுந்தது. ஷிம்மில் 0.05 கூட்டியதும் இறங்கியது, ஆனால் இன்னும் போதவில்லை. ஒவ்வொரு தடத்தையும் படம் எடுத்து, ஷிம் கனத்தை அதன் பக்கத்திலேயே எழுதி வைத்தேன். நினைவில் வைத்துச் செய்கிற வேலை இல்லை இது. பினியன் உள்ளே போகப் போக பேக்லாஷும் குறையும், அதனால் ஒவ்வொரு முறையும் கிரவுன் வீலைத் தள்ளி வைத்துச் சரிசெய்ய வேண்டும். சைடு ஷிம்மில் ஒரு பக்கம் எடுத்ததை மறுபக்கம் போட்டால் பிரீலோடு கெடாது. தோராயமாக 0.10 மி.மீ. நகர்த்தினால் பேக்லாஷ் 0.07 மாறும். அந்தக் கணக்கு கையில் இருந்தால் அலைச்சல் பாதி குறைகிறது. கடைசியில் 0.16இல் நிறுத்தினேன், சுற்றி எங்கும் 0.03க்கு மேல் மாறவில்லை.

தடம் சரியானதும் புதுப் பேரிங்கை அழுத்தி, கிரஷ் ஸ்லீவ் போட்டு, சீலும் போட்டு இறுக்கினேன். கைபலம் முழுக்கக் கேட்கும் கட்டம் இது. 300 நியூட்டன் மீட்டருக்கு மேல் போனால்தான் ஸ்லீவ் நசுங்கவே தொடங்கும். தொடங்கிய பிறகு துளித் துளியாகத்தான் இறுக்க வேண்டும், ஒவ்வொரு துளிக்கும் முள் ரெஞ்ச் வைத்துப் பினியனைச் சுற்றிப் பார்க்க வேண்டும். ஆட்டம் நின்றதில் இருந்து பிரீலோடு ஏறுவது கண் இமைக்கும் நேரம்தான். புதுப் பேரிங்குக்கு என் மேனுவல் 2 முதல் 2.8 நியூட்டன் மீட்டர் கேட்டது. தாண்டிப் போனால் நட்டைத் தளர்த்திச் சரிசெய்ய முடியாது, நசுங்கிய ஸ்லீவ் திரும்ப விரியாது. புதிது போட்டு முதலில் இருந்துதான் தொடங்க வேண்டும். இரண்டு வாங்கச் சொன்னது அதற்காகத்தான்.

எல்லாம் பூட்டிய பிறகு பேக்லாஷையும் தடத்தையும் இன்னொரு தடவை பார்த்தேன். மூடும் முன் ஹவுசிங்கின் மேலே இருக்கும் பிரீதரையும் (உள்காற்று வெளியேறும் துளை) ஊதிச் சுத்தம் செய்துவிடுங்கள். அது அடைத்திருந்தால் சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி, புதுச் சீலிலும் ஆயில் கசியும்.

ஓட்டிப் பழக்குவதை யாரும் சுருக்கக் கூடாது. முதல் ஓட்டம் இருபது நிமிஷம், மிதமான வேகம், பிறகு வண்டியை நிறுத்தி முழுக்க ஆறவிட வேண்டும். புதுப் பற்கள் முதலில் நிறையச் சூடாகும், அந்தச் சூடு இறங்காமல் தொடர்ந்து ஓட்டினால் ஆயிலும் பல்லின் மேல்முகமும் கெடும். அப்புறம் 800 கி.மீ. வரை பாரம் இழுப்பது, அடித்து ஓட்டுவது எதுவும் கிடையாது. அதன் பிறகு ஆயிலை மாற்ற வேண்டும். ஹவுசிங் முழுக்கச் சூடாக இருப்பது வேறு, பினியன் மூக்குப் பக்கம் மட்டும் கை வைக்க முடியாமல் கொதிப்பது வேறு. பின்னது என்றால் பிரீலோடு அதிகமோ என்று சந்தேகப்பட்டு நிறுத்திவிடுங்கள்.

800இல் வடித்த ஆயிலில் மை மட்டும்தான் இருந்தது, செதில் இல்லை. 60இல் இருந்து 80க்குள் இப்போது டயர் சத்தம்தான் கேட்கிறது. இதே ஹவுசிங் வகையில் பேரிங் வேலை வந்தால் தயங்காமல் மறுபடி நானே செய்வேன். கேரியரை எடுக்கக் கேஸ் ஸ்பிரெடர் போட்டு ஹவுசிங்கையே விரிக்க வேண்டிய ஆக்சில் என்றால், அளவு மட்டும் எடுத்துக் குறித்துக்கொண்டு, அந்தக் குறிப்போடு வெளியே கொடுத்துவிடுவேன்.